விண்வெளி ரோபோ செய்ய எந்தப் படிப்பில் சேர்ப்பது?

ரோபாட்டிக்ஸ் என்ற பெயரிலேயே பட்டப்படிப்பு இருக்கிறதே, மகளை அதில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் எதிலிருந்தும் இந்தத் துறைக்கு வரலாம். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, கட்டுப்பாட்டியல் (இயந்திரத்தை நினைத்தபடி இயங்க வைக்கும் கணக்கு) மூன்றும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

கணக்குக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? செவ்வாய்க்கு ஒரு சிக்னல் போய்ச் சேர, தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். ஜாய்ஸ்டிக் பிடித்து ஓட்ட வழியில்லை, ஜிபிஎஸ்ஸும் அங்கே கிடையாது. தான் எங்கே இருக்கிறோம், அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதை அங்கே ஓடும் ஆய்வு வண்டியான ரோவரே கண்டுபிடித்தாக வேண்டும். சக்கரச் சுற்றுகளை எண்ணினால் போதாது. மணலில் சக்கரம் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுற்றும். நாசாவின் ஸ்பிரிட் ரோவர் 2009இல் செவ்வாயின் மென்மணலில் புதைந்து, கடைசிவரை மீளவே இல்லை. அதனால் தரையிலுள்ள கற்களைக் கேமராவில் அடையாளம் வைத்தும் நகர்வைக் கணிக்கிறார்கள். அதற்கும் எல்லை உண்டு. செவ்வாயில் பறந்த நாசாவின் இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர் 2024 ஜனவரியில், 72ஆவது பறப்பில், அடையாளங்கள் மிகக் குறைந்த மணல்பரப்பில் கணிப்பு பிசகித் தரையில் மோதியது, இறக்கைகள் முறிந்தன என்பதே பெரும்பாலும் நடந்திருக்கும் என்று ஆய்வு சொன்னது.

இந்தக் கணிப்பு வேலையை அவள் இப்போதே பழகலாம். லினக்ஸ் இயங்குதளம், பைத்தான் புரோகிராம் மொழி, பிறகு சி பிளஸ் பிளஸ் மொழி. ரோபோ புரோகிராம்களை இணைக்கும் ராஸ் 2 (ROS 2) மென்பொருள், ரோபோவைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் கஸீபோ சிமுலேட்டர் இரண்டும் இலவசம். ஆனால் சிமுலேட்டரிலேயே தங்கிவிடக் கூடாது. அங்கே ஒயர் கழலாது. ஒரு சிறு வண்டி செய்யட்டும்: நான்கு சக்கரம், என்கோடர் (சுற்றுகளை எண்ணும் கருவி) உள்ள மோட்டார்கள், ஒரு ஐஎம்யூ (திரும்பலையும் முடுக்கத்தையும் உணரும் சென்சார்), கேமரா, கையடக்கக் கம்ப்யூட்டர் போதும். 5 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைச் சுற்றி, வண்டி புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். எவ்வளவு தள்ளி நின்றது என்று டேப் வைத்து அளந்து எழுதட்டும். சிமென்ட் தரையிலும் மணலிலும், என்கோடர் மட்டும் வைத்து, ஐஎம்யூ சேர்த்து, கேமராவும் சேர்த்து, ஒவ்வொன்றும் 10 தடவை. பல சென்சார்களின் அளவுகளைச் சேர்த்து நல்ல கணிப்பு தரும் கல்மன் ஃபில்டர் எதற்கு என்பது அந்த அட்டவணையைப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறும்.

பலரைத் திணறடிக்கும் கோளாறு ஒன்று: மேடு ஏறும்போது கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். புரோகிராமில் தப்பு தேடியே நாட்கள் போய்விடும். சக்கரம் சிக்கும்போது மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கிறது. பேட்டரி வோல்டேஜ் சட்டென்று இறங்குகிறது. கம்ப்யூட்டருக்குத் தனி பேட்டரி கொடுத்து, கிரவுண்டை (மைனஸ் இணைப்பை) மட்டும் பொதுவாக வைத்தால் தீரும். திசைகாட்டி சென்சாரையும் மோட்டாரை விட்டுத் தள்ளி, உயரத்தில் வைக்க வேண்டும். மோட்டாரின் காந்தம் திசையைக் குழப்பிவிடும்.

கல்லூரி பார்க்கும்போது ரோவர் அணி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் நடக்கும் யுனிவர்சிட்டி ரோவர் சேலஞ்ச் என்ற மாணவர் போட்டியில் வண்டியின் எடை 50 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு போல்ட்டுக்கும் கணக்கு சொல்ல வேண்டிய அந்தப் பயிற்சி வகுப்பறையில் கிடைக்காது.

வேலை கிடைக்குமா என்ற உங்கள் கவலை நியாயமானது. விண்வெளி நிறுவனங்களில் இடங்கள் குறைவு, பலவற்றில் அந்தந்த நாட்டுக் குடியுரிமையும் கேட்பார்கள். ஆனால் சுரங்கம், ஆழ்கடல் ஆய்வு, அணுமின் நிலையப் பராமரிப்பு, விவசாய இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் தேவை இதே திறமைதான். விண்ணப்பத்தில் வண்டி ஓடும் வீடியோவை மட்டும் வைக்காமல், அளந்த பிழைகளின் அட்டவணையையும் எது ஏன் கெட்டது என்ற குறிப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். நேர்காணலில் கேள்விகள் அதிலிருந்துதான் வரும்.