வணிகப் படிப்பில் நிலைபேற்றையும் சமூகப் பொறுப்பையும் தனிப் பாடமாக வைப்பதா, எல்லாப் பாடங்களிலும் கலப்பதா?

கேள்வி: கொழும்பில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் வணிக முகாமைத்துவம் படிப்பிக்கிறேன். அடுத்த வருடத்திலிருந்து நிலைபேறும் (சுற்றாடலையும் எதிர்காலத்தையும் கெடுக்காமல் தொழில் நடத்துவது) சமூகப் பொறுப்பும் பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

கலந்துவிடுங்கள். தனிப் பாடமாக வைத்தால் அது கடைசி செமஸ்டரில், வெள்ளிக்கிழமை பின்னேரம், விருப்பத்தெரிவுப் பாடமாகப் போய் ஒரு மூலையில் குந்தும். பிள்ளைகள் ஐநாவின் 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளையும் மனப்பாடம் செய்வார்கள், ஏதாவது ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையிலிருந்து நாலு படம் வெட்டி ஒப்படையில் ஒட்டுவார்கள், ஏ எடுப்பார்கள். அதே கிழமை நிதி முகாமைத்துவ வகுப்பில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைத் "தவிர்க்கக்கூடிய செலவு" என்று எழுதி அதற்கும் முழுப் புள்ளி வாங்குவார்கள். பக்கத்துப் பக்கத்து அறையில் நடக்கிற இரண்டு விரிவுரைக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை.

நீங்கள் எந்தப் பாடம் எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நிதி அல்லது கணக்கீடு என்று வைத்துக்கொள்கிறேன். சந்தைப்படுத்தல் ஆட்கள் இப்படிக் கேள்வி கேட்பதில்லை, நேரே போஸ்டர் அடித்துவிடுவார்கள்.

முதலில் நேரக் கணக்கு. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் 50 மணித்தியாலம். ஆக மூன்று கிரெடிட் பாடம் ஒன்று 150 மணித்தியாலம், அதில் வகுப்பறையில் கழிவது ஏறத்தாழ 45. நிதி, முகாமைக் கணக்கீடு, மனிதவளம், செயற்பாட்டு முகாமைத்துவம் ஆகிய நாலிலும் மூன்று மூன்று மணித்தியாலம் எடுத்தாலே போதும். ஆனால் நாலு வினாத்தாளிலும் 20 புள்ளிக்கு ஒரு கட்டாய வினா இருக்க வேண்டும். தெரிவு வினாவாக விட்டால் ஒருவரும் தொடமாட்டார்கள். "எனக்கு இந்த விடயம் தெரியாது" என்று சக விரிவுரையாளர் சொல்வார், அது நியாயமும்தான். அவரைப் பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பிக்கொண்டிராமல், கணக்கையும் விடையையும் புள்ளித் திட்டத்தையும் நீங்களே எழுதிக் கையில் கொடுங்கள்.

நிதிப் பாடத்துக்கு ஒரு கணக்கு. தொழிற்சாலை ஒன்றின் கொதிகலன் மாதம் 10,000 லீட்டர் டீசல் எரிக்கிறது. ஒரு லீட்டருக்கு 2.68 கிலோ காபனீரொட்சைட்டு என்றால் மாதம் 26.8 தொன், வருடம் 321.6 தொன். இதற்குப் பதில் விறகுக் கொதிகலன் போட்டால் 8 வருடத்தில், 15% கழிவு வீதத்தில், தேறிய நிகழ்காலப் பெறுமதி (எதிர்கால வரவையும் செலவையும் இன்றைய பெறுமதிக்கு மாற்றிக் கழித்த மிச்சம்) மறை 30 இலட்சம் ரூபா என்று தரவைக் கொடுத்துவிடுங்கள். சாதாரண வினாவாக இருந்தால் "திட்டத்தை நிராகரி" என்பதோடு கதை முடிந்தது. நீங்கள் அதற்கு மேலே கேளுங்கள்: ஒரு தொன் காபனுக்கு என்ன விலை வைத்தால் இந்த முடிவு மாறும்? 8 வருட ஆண்டுத்தொகைக் காரணி (வருடம் ஒரு ரூபா வீதம் 8 வருடம் வருவதன் இன்றைய பெறுமதி) 4.487. அதை 321.6 ஆல் பெருக்கினால் 1,443. முப்பது இலட்சத்தை அதால் வகுத்தால் தொன்னுக்கு ஏறக்குறைய 2,080 ரூபா. டீசல் லீட்டருக்கு ஐந்து ரூபா அறுபது சதம் கூடினால் இதே விளைவுதான் என்று அடுத்த வரியில் காட்டுங்கள். அதோடு வகுப்பு எழும்பி உட்காரும், ஏனென்றால் டீசல் விலை எவ்வளவு துள்ளும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை.

பிழை எங்கே வரும்? விறகு எரித்தால் வெளியேற்றம் பூச்சியம் என்று எழுதுவார்கள். அப்படியல்ல. உயிரினப் பொருளிலிருந்து வரும் காபனீரொட்சைட்டைத் தனி வரியில் காட்ட வேண்டும், மெதேனையும் நைதரசு ஒட்சைட்டையும் முதலாம் பரப்பில் (கம்பனியிலிருந்து நேரடியாக வெளியேறுபவற்றின் கணக்கில்) சேர்க்க வேண்டும். விறகு எந்தத் தோட்டத்து இறப்பர் மரம், திரும்ப நட்டார்களா என்ற கேள்விக்கு மட்டும் ஐந்து புள்ளி ஒதுக்கலாம்.

மனிதவளப் பாடத்தில் மரம் நடுவதையும் இரத்ததான முகாமையும் பற்றிக் கதைக்கவே வேண்டாம். சம்பளச் சிட்டையைக் கையில் எடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8%, முதலாளி 12%. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3%. கணிக்க வேண்டியது மொத்தச் சம்பாத்தியத்தின் மேல். வாழ்க்கைச் செலவுப் படி அதில் அடங்கும், மேலதிக நேரக் கொடுப்பனவு அடங்காது. இப்போது அடிப்படைச் சம்பளம் 30,000, வாழ்க்கைச் செலவுப் படி 20,000 என்று ஒரு சிட்டை. கம்பனி 30,000க்கு மட்டும் கட்டுகிறது. முதலாளியின் பங்கு 4,500 ரூபா. கட்ட வேண்டியது 7,500. ஆளுக்கு மாதம் 3,000, 200 பேருக்கு ஆறு இலட்சம், வருடத்துக்கு 72 இலட்சம். அதே கம்பனி ஐந்து இலட்சம் செலவழித்துப் பாடசாலைக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டிக் கொடுத்து அறிக்கையில் இரண்டு பக்கம் போட்டிருக்கிறது என்று தரவில் சேர்த்துவிடுங்கள். கம்பனியின் சமூகச் செலவு எவ்வளவு? இதுதான் வினா. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, முழுக்கக் கட்டினால் தொழிலாளியின் கைக்கு வரும் காசு 1,600 குறையும், அவரே வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்று எழுதும். அந்த விடைக்குத்தான் மேலதிகப் புள்ளி. பிறகு மேன்பவர் ஊழியர்களை (ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வருகிறவர்களை) கொண்டுவாருங்கள்: 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் ஐந்து வருடம் வேலை செய்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. ஒப்பந்தக்காரரை நாலாம் வருடம் மாற்றினால் யார் அதைக் கொடுப்பது?

"கம்பனி நடத்துவது இலாபத்துக்கு, தருமத்துக்கல்ல" என்று பின்னூட்டம் எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு சொல். மேலே உள்ள ஒன்றும் தருமம் அல்ல. ஒன்று முதலீட்டுக் கணக்கு, மற்றது சட்டப்படி கட்ட வேண்டிய கடன். காலநிலை வெளிப்படுத்தல் நியமமான எஸ்எல்எஃப்ஆர்எஸ் எஸ்2 பெரிய பட்டியலிடப்பட்ட கம்பனிகளிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. அதற்கு வேண்டிய வெளியேற்ற எண்களைத் தயாரிக்க ஆள் தேவை. ஐநாவின் பொறுப்பான முகாமைத்துவக் கல்விக் கோட்பாடுகளில் கையெழுத்து வைப்பதை நான் குறை சொல்லவில்லை. அது 2007 முதல் இருக்கிறது, வைத்தால் நல்லது. கையெழுத்து வைத்ததால் மட்டும் வினாத்தாள் மாறிவிடாது.

வெளிவேலைக்குப் பெரிய தொழிற்சாலை தேடி அலையாதீர்கள், அனுமதிக் கடிதத்துக்கே செமஸ்டர் முடிந்துவிடும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சாப்பாட்டுக் கடை போதும். ஐந்து பேர் கொண்ட குழு, மூன்று மாதப் பில்கள், அவற்றை வைத்துக் கடை வெளியேற்றுகிற காபனைக் கணக்கிட வேண்டும். விற்பனைத் தொகையைக் கேட்கக்கூடாது. கேட்டால் முதலாளி இறைவரித் திணைக்களத்தை நினைத்துக்கொண்டு வாயை மூடிவிடுவார். "ஒரு நாளைக்கு எத்தனை சாப்பாடு போகும்?" என்று கேட்டால் சந்தோசமாகச் சொல்வார். கணக்கை ஒரு சாப்பாட்டுக்கு என்று முடிக்கலாம்.

காஸில் பிள்ளைகள் முதல் தடுக்கி விழுவார்கள். வீட்டில் பார்த்த 12.5 கிலோ சிலிண்டரை வைத்துப் பெருக்குவார்கள், கடையில் நிற்பது 37.5 கிலோ. மாதம் எட்டுச் சிலிண்டர் என்றால் 300 கிலோ, கிலோவுக்கு ஏறத்தாழ 3 கிலோ வீதம் 900 கிலோ காபனீரொட்சைட்டு. ஜெனரேற்றருக்கு 60 லீட்டர் டீசல், 161 கிலோ. இந்த இரண்டோடு முதலாம் பரப்பு முடிந்தது என்று எழுதிவிடுவார்கள். ஏசியை மறந்துவிடுவார்கள். போன மாதம் திருத்துகிறவர் வந்து கசிந்ததற்குப் பதிலாக ஒரு கிலோ ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் வாயுவை நிரப்பியிருந்தால், ஐபிசிசியின் (ஐநாவின் காலநிலை விஞ்ஞானக் குழுவின்) நான்காவது மதிப்பீட்டின்படி அது 2,088 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். இரண்டு மாதத்துக்கு மேலான சமையல் காஸ்! ஐந்தாவது மதிப்பீட்டில் 1,924. எதை எடுத்தோம் என்று எழுதாத குழுவுக்குப் புள்ளி வெட்டுங்கள். பழைய ஏசியில் ஆர்-22 வாயு இருந்தால் இன்னொரு சிக்கல்: அது ஓசோன் படையைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கைப் பொருள், ஆகவே பரப்புகளுக்கு வெளியே தனியாகக் காட்ட வேண்டும்.

குப்பையை மதிப்பிடக்கூடாது, நிறுக்க வேண்டும். தொங்கு தராசு ஒன்றும் கையுறையும் போதும். மூன்று நாள் நிறுக்கட்டும், அதில் ஒரு நாள் வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும், அன்றைக்கு மரக்கறிச் சாப்பாடு கூடுதலாகப் போகும். மிச்சச் சோறு எங்கே போகிறது, பன்றிப் பண்ணைக்கா, மாநகர சபை லொறிக்கா என்பதையும் கேட்க வேண்டும். 2017 சித்திரை வருடப் பிறப்பன்று மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்த இடத்தில் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கும். முதல் விரிவுரையிலேயே படம் போட்டுக் காட்டினால் அது வெறும் படமாகப் போய்விடும்.

அறிக்கை வாசிப்புக்கு இரண்டு மணித்தியாலம் கொடுங்கள். கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசம். ஒரே கம்பனியின் 2021, 2022, 2023 அறிக்கைகளை எடுத்து, "பத்து இலட்சம் ரூபா வருமானத்துக்கு இத்தனை தொன்" என்ற வரியைத் தேடச் சொல்லுங்கள். அது அழகாகக் குறைந்துகொண்டு போயிருந்தால் கைதட்ட வேண்டாம். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது. ஏற்றுமதிக் கம்பனியின் வருமானம் ரூபாவில் வீங்கியது, கீழே உள்ள எண் பெருத்தால் விகிதம் தானாக மெலியும். உற்பத்தி அலகுக்கு, கிலோவுக்கு, துண்டுக்கு எவ்வளவு என்று மாற்றிப் போடச் சொல்லுங்கள். அதே வருடம் மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது, ஆகவே மின்சாரக் கணக்கு குறைந்து ஜெனரேற்றர்க் கணக்கு கூடியிருக்கும். கொரோனாக் காலத்தை அடிப்படை வருடமாக எடுத்திருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது. மழை குறைந்த வருடத்தில் நீர்மின் குறைந்து அனல்மின் கூடும், கம்பனி ஒரு ஸ்விட்சைக்கூடத் தொடாமலே அதன் இரண்டாம் பரப்பு (வாங்கும் மின்சாரத்தின் வெளியேற்றம்) ஏறும். அதனால் மின்சாரக் காரணியை (ஓர் அலகு மின்சாரத்துக்கு எவ்வளவு காபனீரொட்சைட்டு என்பதை) அந்தந்த வருடத்துச் சக்திச் சமநிலை அறிக்கையிலிருந்து எடுக்க வேண்டும். அமெரிக்கப் பாடநூலில் இந்த நுணுக்கங்கள் கிடைக்காது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. இந்த அறிக்கைகளின் அட்டையில் கொழுந்து பறிக்கிற மலையகப் பெண் சிரித்துக்கொண்டு நிற்பார். உள்ளே அவருடைய நாட்சம்பளம் எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது? 2021 மார்ச்சில் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது, 2024இல் 1,700 என்று வந்து, பிறகு அதே வருடம் அடிப்படை 1,350 ஆனது. அந்தச் சம்பளம் முழுக்கக் கிடைக்க எத்தனை கிலோ எடுக்க வேண்டும், குறைந்தால் எத்தனை நாள் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போட்டார்கள் என்பதை எந்தப் பக்கத்தில் தேடுவது? சம்பளம் கூடும்போது கிலோவும் கூடினால் அது சம்பள உயர்வா? கொழும்பில் குளிரூட்டிய மண்டபத்தில் விருது கொடுக்கிறபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. முகாமைக் கணக்கீட்டுப் பாடத்தில் துண்டுவீதக் கூலி என்று ஓர் அத்தியாயம் ஏற்கெனவே இருக்கிறதே, அதில் இதைக் கணக்காகப் போடலாம்.

தமிழ்மொழி மூலம் எழுதுகிற பிள்ளைகள் உங்களிடம் இருந்தால் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒரு புத்தகத்தில் நிலைபேறு, இன்னொன்றில் பேண்தகு, இந்தியப் புத்தகத்தில் நீடித்த, செய்தித்தாளில் நிலையான. நாலும் நாலு விடயம் என்று நினைத்து வேறுபாடு எழுதி வைக்கிற விடைத்தாள்கள் வரும், பிள்ளைகளில் பிழை இல்லை. வினாத்தாளின் முதல் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் அச்சடித்து, எந்தச் சொல்லை எழுதினாலும் புள்ளி உண்டு என்று கீழே ஒரு வரி போடுங்கள். புள்ளியிடுகிறவருக்கும் அதே தாளின் பிரதி போக வேண்டும்.