கூடையில் உள்ள மாம்பழமா, கூடையில் வைத்த மாம்பழமா? ஆங்கில இலக்கணம் கேள்வி-பதில்

'இன் தி பாஸ்கெட்' என்ற தொடர் அட்ஜெக்டிவா (பெயரடை), அட்வர்பா (வினையடை)?
*பத்தாம் வகுப்பு மாணவி, தருமபுரி*

தொடரை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. வாக்கியத்தில் அது எந்தச் சொல்லைச் சார்ந்து நிற்கிறது என்று பாருங்கள். 'தி மேங்கோஸ் இன் தி பாஸ்கெட் ஆர் ராட்டன்': எந்த மாம்பழங்கள்? கூடையில் உள்ளவை. ஆகவே அட்ஜெக்டிவ். 'ஷி கெப்ட் தி மேங்கோஸ் இன் தி பாஸ்கெட்': எங்கே வைத்தாள்? கூடையில். அட்வர்ப். தமிழாக்கும்போது 'உள்ள', 'இருக்கிற' என்று சேர்க்க வேண்டி வந்தால் பெரும்பாலும் அட்ஜெக்டிவ்தான்.

இன்னும் சந்தேகமா? பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு 'தே' அல்லது 'தெம்' போடுங்கள். முதல் வாக்கியம் 'தே ஆர் ராட்டன்' என்றாகும். தொடரும் அதற்குள் அடங்கிவிடும். இரண்டாவதில் 'ஷி கெப்ட் தெம் இன் தி பாஸ்கெட்' என்று தொடர் தனியே மிஞ்சும்.

'ஹி ஃபோட்டோகிராஃப்ட் தி டூரிஸ்ட்ஸ் இன் தி கோரக்கிள்.' ஒகேனக்கல் பரிசலில் இருந்தது யார்?
*ஆசிரியை, பென்னாகரம்*

பயணிகளாகவும் இருக்கலாம், படம் எடுத்தவராகவும் இருக்கலாம். இரண்டுமே இலக்கணப்படி சரி என்பதால் இதை ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கேட்பது நியாயமில்லை. பயணிகள்தான் என்றால் 'தி டூரிஸ்ட்ஸ் ஹூ வேர் இன் தி கோரக்கிள்' என்று எழுதுங்கள். படம் எடுத்தவர் என்றால் தொடரை முன்னால் கொண்டுவந்து, 'ஃப்ரம் தி கோரக்கிள், ஹி ஃபோட்டோகிராஃப்ட் தி டூரிஸ்ட்ஸ்' எனலாம். அட்வர்ப் தொடர் இப்படி இடம் மாறும். அட்ஜெக்டிவ் தொடர் தன் பெயர்ச்சொல்லை விட்டு நகராது. 'புட்' போன்ற வினைகளில் மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். 'ஆன் தி டேபிள் ஷி புட் தி கீ' என்பது உரைநடையில் ஒட்டாது.

'தி ப்ரைஸ் ஆஃப் டொமேட்டோஸ்' என்பதற்குப் பின் 'ஹேஸ்' வருமா, 'ஹேவ்' வருமா?
*ராயக்கோட்டை*

'ஹேஸ் ஃபாலன்.' விழுந்தது விலை; தக்காளி அதற்கு அடைமொழி மட்டுமே. பக்கத்தில் நிற்கும் பன்மையைப் பார்த்து 'ஹேவ்' போடுவதுதான் வழக்கமான பிழை. 'எ லாட் ஆஃப் டொமேட்டோஸ்' போன்றவை விலக்கு, அங்கே 'ஹேவ்'.

'அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்' என்பதில் 'ஆஃப் டாக்ஸ்' எந்த வகை?
*ஓசூர்*

அட்வர்ப். 'அஃப்ரெய்ட்' ஒரு அட்ஜெக்டிவ். அதற்கு அடையாக வருவது பள்ளி இலக்கணத்தில் அட்வர்ப்தான்.

'ஹி ஸ்விட்ச்ட் ஆன் தி மோட்டார்': இதில் 'ஆன் தி மோட்டார்' அட்வர்ப் தொடர்தானே?
*கிருஷ்ணகிரி*

அது தொடரே அல்ல. 'ஸ்விட்ச் ஆன்' சேர்ந்து ஒரே வினை, 'மோட்டார்' செயப்படுபொருள். 'இட்' போட்டால் 'ஸ்விட்ச்ட் இட் ஆன்' என்று நடுவில் நுழையும். 'ஹி சாட் ஆன் தி மோட்டார்' என்றால் 'சாட் ஆன் இட்'தான் வரும். அதுவே உண்மையான அட்வர்ப் தொடர்.