பேட்டரி போட்டதும் துடித்து நிற்கும் ரோபோ கார்: குறை எங்கே, இதைப் படித்தால் வேலை எங்கே?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, ஆர்டுயினோ யூனோ (புரோகிராம் ஏற்றும் சின்ன கட்டுப்பாட்டு போர்டு), எல்298என் டிரைவர் (அந்த போர்டு சொல்வதுபோல் மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பது), இரண்டு மஞ்சள் மோட்டார் வைத்து ரோபோ கார் செய்தாள். 9 வோல்ட் பேட்டரி போட்டால் மோட்டார் ஒரு இழு இழுத்து நிற்கிறது, மறுபடி துடிக்கிறது. கம்ப்யூட்டரோடு யூஎஸ்பி வயரில் இணைத்தால் போர்டு ஒழுங்காக இருக்கிறது. ஒரு பயிற்சி மையத்தில் கேட்டதற்கு, இதை ஒதுக்கிவிட்டு 18,000 ரூபாய்க்கு கிட் வாங்கச் சொன்னார்கள். வாங்கலாமா? பின்னாளில் இதற்கு என்ன வேலை இருக்கிறது? — ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கிட் இப்போது வேண்டாம். காரில் எதுவும் கெட்டிருக்காது. குறை பெரும்பாலும் அந்த 9 வோல்ட் பேட்டரியில்தான்.

சொற்ப மின்சாரம் கேட்கும் கருவிகளுக்காகச் செய்யப்பட்ட பேட்டரி அது. புதிய அல்கலைன் பேட்டரிக்கே உள்மின்தடை, அதாவது மின்சாரத்துக்குப் பேட்டரியே போடும் தடை, ஒன்றரை ஓம் அளவில் இருக்கும். இரண்டு மோட்டாரும் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது சேர்ந்து ஒன்றரை ஆம்பியர் வரை இழுக்கலாம். பெருக்கிப் பாருங்கள்: 2 வோல்ட்டுக்கு மேல் பேட்டரிக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. மலிவான சாதாரண பேட்டரியில் இழப்பு இன்னும் அதிகம். மின்னழுத்தம் சரிந்ததும் ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது, மோட்டார் நிற்கிறது. சுமை நீங்கியதும் மின்னழுத்தம் ஏறுகிறது, புரோகிராம் முதலிலிருந்து தொடங்கி மோட்டாரை மறுபடி ஓட்டுகிறது. நீங்கள் பார்க்கும் துடிப்பு இதுதான். யூஎஸ்பியில் போர்டுக்குத் தனியாக 5 வோல்ட் வந்துவிடுவதால் அது தப்பிக்கிறது.

நம்பிக்கை வரவில்லை என்றால் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, போர்டின் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் (மைனஸ் முனை) இடையே பிடித்துக்கொண்டு காரை ஓடவிடுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் எண் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். இந்த அளவீட்டை உங்கள் மகளே செய்யட்டும். ஒரு வருட வகுப்பு கற்றுத்தராத விஷயம் அதில் இருக்கிறது.

மாற்றாக 18650 லித்தியம் செல் இரண்டைத் தொடராக ஹோல்டரில் போடுங்கள். சராசரி 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4. நான்கு பென்சில் செல் போதாதா என்று கேட்பார்கள். போதாது. எல்298என் பழைய வகை டிரான்சிஸ்டர் டிரைவர். ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தானே விழுங்கும். 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்கு மிஞ்சுவது 4 வோல்ட். தவிர, அந்த டிரைவர் போர்டிலிருந்து ஒழுங்கான 5 வோல்ட் வெளியே வர உள்ளே 7 வோல்ட்டாவது போக வேண்டும். டிரைவரை மாற்றுவதானால் டிபி6612 (TB6612) டிரைவர் வாங்குங்கள். இழப்பு வெகு குறைவு. எதைப் போட்டாலும் பேட்டரி, டிரைவர், ஆர்டுயினோ மூன்றின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பலர் விட்டுவிடும் ஒரே வயர் இதுதான்.

லித்தியம் செல்லில் மட்டும் பெரியவர் கண் வேண்டும். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த செல் வேண்டாம், பாதுகாப்புச் சுற்று உள்ளதையே கேட்டு வாங்குங்கள். ஒரு செல்லின் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே போகவோ 4.2 வோல்ட்டைத் தாண்டவோ கூடாது. டிபி4056 (TP4056) என்ற சின்ன சார்ஜர் ஒற்றைச் செல்லுக்கானது. தொடராக உள்ள இரண்டு செல்லுக்கு அதைப் பொருத்தக் கூடாது. செல்களைக் கழற்றி அதற்கான சார்ஜரில் போடுங்கள், ஆள் இல்லாத நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள்.

துடிப்பு நின்றதும் அடுத்த தொல்லை வரும்: கார் நேராகப் போகாது. ஒரே கடையில் வாங்கிய இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றாது. இடது மோட்டாருக்கு 200, வலதுக்கு 185 என்று பிடபிள்யூஎம் அளவை (மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து வேகத்தை மாற்றும் எண்) தட்டிக்கொட்டிச் சரிசெய்யலாம். பேட்டரி இறங்கியதும் மறுபடி கோணும். சரியான வழி என்கோடர். 20 துளை உள்ள வட்டை மோட்டார் அச்சில் மாட்டி, துளைகளை எண்ணும் சென்சாரை யூனோவின் 2, 3ஆம் பின்களில் கொடுங்கள். துளை கடந்த நொடியிலேயே நடக்கும் வேலையை நிறுத்தி எண்ணவைக்கும் வெளி இன்டரப்ட் வசதி அந்த இரண்டில்தான். 65 மில்லிமீட்டர் சக்கரத்தின் சுற்றளவு 204 மில்லிமீட்டர். ஆக ஒரு துளைக்குக் கார் ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது. எந்தப் பக்கம் எண்ணிக்கை பின்தங்குகிறதோ அந்தப் பக்கம் வேகத்தைக் கூட்ட வேண்டும். எண்ணிக்கை தாறுமாறாக ஏறினால் ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைகளுக்குக் குறுக்கே 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டரைச் சால்டர் செய்யுங்கள். மோட்டாருக்குள் உரசும் பிரஷ் கிளப்பும் மின் இரைச்சல் அடங்கும்.

கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் கார் செய்யப்போனால், அறைக்குள் ஓடியது திண்ணை வெயிலில் ஓடாது. கோட்டைப் பார்க்கும் சென்சார் அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் கறுப்பு, வெள்ளை பிரிக்கிறது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருக்கிறது. சென்சார் கறுப்பையும் வெள்ளை என்று படித்துவிடும். தரையிலிருந்து 3 முதல் 8 மில்லிமீட்டர் உயரத்தில் பொருத்தி, சுற்றிலும் கறுப்புத் தாளால் மறைப்புக் கட்டுங்கள். கடலோர ஊருக்கென்றே ஒன்று: உப்புக்காற்றில் ஜம்பர் வயர் முனைகள் பச்சை பூத்து, தொட்டால் வேலை செய்யும், விட்டால் நிற்கும். மாதக்கணக்கில் இருக்கப்போகிற இணைப்பைச் சால்டர் செய்துவிடுங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

கிட்டே கூடாது என்பதில்லை. பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்காக நிதி ஆயோக் நடத்தும் திட்டம் அது. வெளியே வாங்குவதானால், ஒரு பாகம் போனால் அதை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். 1998இல் வந்து உலகம் முழுக்கப் பள்ளிகளில் இருந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே அந்த நிறுவனம் 2022 இறுதியோடு நிறுத்திக்கொண்டது. மூடிய கிட்டுக்கு ஆயுள் விற்பவர் கையில்.

வேலை பற்றி. ரோபோட்டிக்ஸ் ஒரே வேலை அல்ல. மேலே சொன்ன குறைகள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு துறை நிற்கிறது. உங்கள் மகள் எந்தக் குறையை விடாமல் துரத்துகிறாள் என்று கவனியுங்கள், மதிப்பெண்ணைவிட அது நம்பகமான அடையாளம். பேட்டரிக் கணக்கு பிடித்தால் மின் வாகனம், பவர் எலக்ட்ரானிக்ஸ், அதற்கு இஇஇ (மின், மின்னணுப் பொறியியல்). காரை நேராக ஓட்டுவதில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் கட்டுப்பாட்டுப் பொறியியல். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கார் ஆலைகளின் வெல்டிங் ரோபோவிலும் அதே கணக்கு பெரிய அளவில் நடக்கிறது. சென்சார் ஏன் ஏமாந்தது என்று கேட்டால் இசிஇ (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்), படச்செயலாக்கம், கம்ப்யூட்டர் சயின்ஸ். பல்சக்கரத்தைப் பிரித்துப் பார்த்தால் மெக்கானிக்கல்.

ஆராய்ச்சியும் எட்டாத தூரத்தில் இல்லை. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை இறக்கும் மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்கிவருகிறது. துறைமுக ஊர்ப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வகம் எது? ஐஐடி மெட்ராஸில் கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்காமல் சுத்தம் செய்யும் ஹோமோசெப் இயந்திரத்தை உருவாக்கினார்கள். இந்தத் துறையில் மிக அவசரமான வேலை அதுதான் என்பது எங்கள் எண்ணம்.

பி.இ. ரோபோட்டிக்ஸ் என்ற பெயருக்காகக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஆய்வகத்தில் ஒவ்வொரு மாணவர் கைக்கும் கருவி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், மேலே சொன்ன அடிப்படைத் துறை ஒன்றை நல்ல கல்லூரியில் படிப்பது மேல். கல்லூரிக்குப் போனதும் ஐஐடி பாம்பேயின் இ-யந்த்ரா ரோபோ போட்டியில் சேரலாம். பி.இ. மட்டுமே வழி என்றும் இல்லை: மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ இருக்கிறது, பல அரசு ஐடிஐகளில் தொழிலக ரோபோட்டிக்ஸ் பிரிவே வந்துவிட்டது. பதினொன்றில் கணிதமும் இயற்பியலும் உள்ள பிரிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரோபோக் கை எங்கே நீட்டுகிறது என்று கணக்கிட முக்கோணவியலும் அணிகளும் (மேட்ரிக்ஸ்) வேண்டும், அவை அங்கேதான் வருகின்றன.