நடிகர்கள் ஏன் சுயாதீனக் குறும்பட இயக்குநர்களாகிறார்கள்?

பெரிய ஸ்டூடியோவின் உத்தரவு இல்லாமல் இயக்குநரே முடிவெடுத்து எடுக்கும் சிறிய படம்தான் சுயாதீனக் குறும்படம். நடிகரின் தொழிலில் பாதி, யாராவது அழைப்பார்களா என்ற காத்திருப்பு. கல்யாண ஆர்டர் வரட்டும் என்று உட்கார்ந்திராமல், நாலு பேருக்குச் சமைத்துப்போட்டுக் கைப்பக்குவத்தைக் காட்டும் சமையல்காரரின் வழிதான் இதுவும்.

பிரிட்டனின் ஆண்ட்ரியா ஆர்னால்ட் 1980-களில் சிறுவர் தொலைக்காட்சித் தொடரில் நடித்தவர். அவர் 2003-இல் எடுத்த 'வாஸ்ப்' 26 நிமிடம்தான்: நான்கு குழந்தைகளை மதுக்கடை வாசலில் நிறுத்திவிட்டுப் பழைய சிநேகிதனைப் பார்க்க உள்ளே போகும் ஓர் ஏழைத் தாய். 2005-இல் அதற்கு ஆஸ்கர். மறு ஆண்டே முதல் முழுநீளப் படத்துக்குப் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு. இந்த வேகம் அபூர்வம்.

நடிப்பில் தோற்றவர்களின் புகலிடம் இது என்பது தவறான எண்ணம். நடிகர்களிடம் வேலை வாங்கத் தெரிந்ததே இவர்களின் முதல் மூலதனம்.