சினத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமா?

கேள்வி: கோயம்புத்தூரில் நடக்கும் மைண்ட்ஃபுல்னஸ் வகுப்புக்குச் சென்று வருகிறேன். மனத்தில் எழுவதை நல்லது, கெட்டது என்று தரம் பிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், புத்தர் சொன்னதும் இதுதான் என்கிறார்கள். எங்கள் தென்னந்தோப்புக்கு வாய்க்கால் தண்ணீர் விடும் முறையைப் பற்றிப் பேச்செடுத்தாலே பெரியப்பா மகன் கடுஞ்சொல் பேசுவார். ஆனால் முறைநாளில் மடையைத் திறந்துவிட ஒருபோதும் தவறியதில்லை. எனக்கு வரும் சினத்தைப் பார்க்கிறேன். அது அப்படியே இருக்கிறது. பழுது என்னிடமா, பாடத்திலா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

பதில்: பாடத்தில் பாதிதான் உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. புத்தரின் போதனைகளைத் தொகுத்த பாலி நூல்களுள் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 10ஆம் சூத்திரமான சதிபட்டான சூத்திரம், உடல், நுகர்ச்சி (இன்ப துன்ப உணர்வு), மனம், தம்மங்கள் (போதனை வகுத்துக் காட்டும் தடைகள் முதலியவை) என நான்கு இடங்களில் விழிப்பை, அதாவது உங்கள் வகுப்பில் மைண்ட்ஃபுல்னஸ் எனப்படுவதை, நிறுத்தச் சொல்கிறது. மூன்றாவதான மனத்தைப் பற்றிய பகுதி, சினமுள்ள மனத்தைச் சினமுள்ள மனம் என்று அறியச் சொல்வதால், உங்கள் ஆசிரியர் கூற்றுக்கு அங்கே இடமுண்டு. ஆனால் நான்காவது பகுதி அதே சினத்தை மனப்பயிற்சிக்கு இடையூறான ஐந்து தடைகளுள் ஒன்றாக மீண்டும் எடுத்துக்கொண்டு, எழாதது எவ்வாறு எழுகிறது, எழுந்தது எவ்வாறு நீங்குகிறது, நீங்கியது இனி எழாதிருப்பது எவ்வாறு என்பதையும் அறிய வேண்டும் என்கிறது. காரணம் தேடாத பார்வை அங்கே செல்லாது.

எல்லையோரத்தில் வாழும் உங்களுக்கு எளிதில் விளங்கும் உவமை ஒன்று, அதுபோன்ற மற்றொரு பாலித் தொகுப்பான அங்குத்தர நிகாயத்தின் ஏழின் தொகுதியில் உள்ளது. எல்லைப்புறக் கோட்டை நகரின் வாயிற்காவலன் அறியாதவரைத் தடுத்து, அறிந்தவரை உள்ளே விடுகிறான். விழிப்பே அக்காவலன் என்கிறார் புத்தர். வருவோர் போவோரை வெறுமனே வேடிக்கை பார்ப்பவரை வாளையாறு சோதனைச்சாவடியில்கூட யாரும் காவலுக்கு நிறுத்துவதில்லை! நெடுநாளைக்கு முன் செய்ததையும் சொன்னதையும் நினைவுகூரும் ஆற்றலாகவும் விழிப்பு அவ்விடத்திலேயே விளக்கப்படுகிறது; நன்மை எது, தீமை எது என்று முன்பு கற்றதை மறந்த காவலன் யாரை அடையாளம் காண்பான்? மஜ்ஜிம நிகாயத்தின் 117ஆம் சூத்திரம் இன்னும் வெளிப்படையாக, தவறான காட்சியை (கண்ணோட்டத்தை) விழிப்போடு கைவிட்டு நற்காட்சியில் நிலைபெறுவதையே, புத்தர் காட்டிய எட்டு உறுப்புகளுள்ள நெறியான எண்வழியின் ஏழாவது உறுப்பான நல்விழிப்பு என்கிறது.

தரம் பிரிக்காமல் பார்ப்பது என்னும் பேச்சு, அமெரிக்கரான ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய பயிற்சியின் வழியே பெரிதும் பரவியது. நாள்பட்ட வலியுடையோர் அவ்வலியோடு போராடி மேலும் துன்புறாதிருக்க உதவும் அம்முறையில் குறைகாண எனக்கு மனமில்லை. புத்தர் போதனை முழுவதும் அதுவே என்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

உங்கள் சினத்துக்கு நேரான மருந்து அங்குத்தர நிகாயத்தின் ஐந்தின் தொகுதியில், புத்தரின் தலைமைச் சீடர்களுள் ஒருவரான சாரிபுத்தர் வாய்மொழியாக இருக்கிறது. சொல் தூய்மையற்றும் செயல் தூய்மையாகவும் உள்ள ஒருவர்மீது மனக்கசப்பு எழுந்தால், அவ்வேளையில் அவருடைய சொல்லைப் பொருட்படுத்தாமல் செயலையே மனத்தில் கொள்ள வேண்டும் என்கிறார் அவர். பெரியப்பா மகன் மடை திறக்கத் தவறியதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேச்சு தடிக்கத் தொடங்கும்போது உங்கள் நினைவுக்கு வரவேண்டியது அதுதான். சினம் அடங்கிய பிறகும் தண்ணீர்க் கணக்கில் மாறுபாடு இருந்தால், அதை வேறொரு நாள் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.