குடும்பத்தோடு ஸ்பானிஷ் சபைக்கு ஊழியத்துக்குப் போகலாமா? ஈக்வடாரில் இருந்துவிட்டு வந்த எங்கள் பதில்

மனைவியும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், தென் அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசுகிற சபை ஒன்றில் சம்பளம் வாங்காமல் சில வருடம் ஊழியம் செய்ய ஆசை, பணம், மொழி, பிள்ளைகள் படிப்பு, பாதுகாப்பு எல்லாம் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு சபை இருக்கிறது. அதற்குப் போதகரும் மூப்பர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கூப்பிட்டுப் போகிறீர்களா, நீங்களாகவே கிளம்புகிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். கூப்பிடாமல் போகிற குடும்பம் அந்தச் சபைக்குச் சுமைதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எங்களுக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. கணவர் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். அவரோடு வேலை பார்த்த ஒருவர் ஈக்வடார் நாட்டின் மாந்தா துறைமுகத்துக்காரர். அவர் மூலமாகத்தான் மனபி மாகாணத்தில் ஒரு சின்னச் சுவிசேஷ சபையோடு எங்களுக்குப் பழக்கம். 2016 ஏப்ரல் 16, சனிக்கிழமை மாலை, அந்தக் கடற்கரையை 7.8 அளவு நிலநடுக்கம் தாக்கியது. 660 பேருக்கு மேல் இறந்தார்கள். பெதர்னாலெஸ் ஊர் தரைமட்டம். மாந்தாவில் தார்க்கி பகுதியும் போர்ட்டோவியஹோ நகரின் நடுப்பகுதியும் சிதைந்துபோயின. அந்தச் சபையின் கட்டடமும் விரிசல் விட்டது. திரும்பக் கட்டும்போது வயரிங், வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும், ஞாயிறு பள்ளிக்கு ஒரு கை வேண்டும் என்று போதகர் எழுதினார். அந்தக் கடிதத்தை வைத்து ஜெபித்தோம், 2017-ல் கிளம்பினோம்.

ஈக்வடார் என்றதும் நம் சபைகளில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது 1956 ஜனவரி. ஜிம் எலியட், நேட் செயின்ட் உட்பட ஐந்து அமெரிக்க மிஷனெரி இளைஞர்கள் குராராய் ஆற்று மணலில் வாவோரானி என்ற காட்டுப் பழங்குடி மக்களால் கொல்லப்பட்ட கதை. நானும் அதை வாலிபர் முகாமில் கேட்டு அழுதவள்தான். ஆனால் அதற்கு அடுத்து நடந்ததைத்தான் இன்னும் அதிகம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். 1958-ல் ஜிம்மின் மனைவி எலிசபெத் எலியட்டும் நேட்டின் அக்கா ரேச்சலும் அந்த மக்கள் நடுவில் போய்க் குடியிருக்க முடிந்தது தாயுமா என்ற வாவோரானிப் பெண்ணால். ரேச்சலுக்கு மொழி சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான், தன் சொந்தங்களிடம் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்து இவர்களை அழைத்துக்கொண்டு போனவளும் அவள்தான். தாயுமா கூப்பிட்டாள், இவர்கள் போனார்கள். ஊழியத்துக்குப் போகிற எவரும் அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

நாங்கள் இருந்தது காடு இல்லை. நெல் வயலும் தென்னையும் மாமரமும் உள்ள வெக்கையான ஊர். சோறு இல்லாமல் அங்கே மதியச் சாப்பாடு கிடையாது. புளி, மரவள்ளி, வாழை எல்லாம் வீட்டுக்கு வீடு உண்டு. பச்சை வாழைக்காயை அவித்தோ பொரித்தோ மசித்து, பாலாடைக்கட்டி வைத்து உருட்டிய போலோன்தான் காலைச் சாப்பாடு. நிலக்கடலையையும் சோளத்தையும் வறுத்து இடித்து வைத்திருக்கும் சால் ப்ரியெத்தா நம் இட்லிப்பொடி மாதிரி, எதன் மேல் தூவினாலும் சேரும். போன புதிதில் மகன் அதை வைத்துத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

முதல் மாதங்களில் எங்களால் சபைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இது எல்லாக் குடும்பத்துக்கும் அப்படித்தான், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நான் செவிலியர் படித்தவள். ஆனால் அங்கே அரசிடம் பட்டத்தைப் பதிவு செய்யாமல் ஒருவருக்கு ஊசி போடவும் முடியாது. அப்புறம் என்ன செய்தேன்? பெண்கள் சங்கத்தில் சேர்ந்து பாத்திரம் கழுவினேன். கட்டட நிதிக்காக அவர்கள் நாட்டுக்கோழிக் குழம்பும் சோறும் பொட்டலம் கட்டி விற்பார்கள், வெங்காயம் உரித்தேன். வயதான ஒரு சகோதரிக்குச் சர்க்கரை நோய். அவரோடு சுகாதார நிலையத்துக்குப் போய் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாதான் எனக்கு ஸ்பானிஷ் வாத்தியார். காத்திருக்கிற நேரமெல்லாம் சங்கீதம் சொல்லித் தருவார், நான் திருப்பிச் சொல்லுவேன், தப்பினால் தொடையில் தட்டுவார். அவர் எனக்குச் செய்த ஊழியம் பெரிது.

கணவருக்கு வேலை முதல் நாளே இருந்தது. ஒயர் இழுக்க மொழி வேண்டாம். ஆனால் எந்தச் சுவரை எப்போது கட்டுவது, காசை எதில் போடுவது என்று ஒரு நாளும் அவர் பேசவில்லை. மூப்பர்கள் பேசினார்கள், சொன்னதை இவர் செய்தார். இப்படி இருக்க முடியாதவர்கள் தயவுசெய்து போகாதீர்கள். ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு வாரம் வந்து சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டுப் போகும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் அந்த வாரம் முழுக்கச் சபைப் பெண்கள் தங்கள் வேலையை விட்டு அவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சுவருக்கு வண்ணம் அடிக்கச் சபையிலேயே வேலையில்லாத வாலிபர்கள் இருந்தார்கள்.

ஊழியம் யார் செய்கிறார்கள் என்பது எனக்கு 2018-ல் தெளிவாகப் புரிந்தது. வெனிசுவேலாவிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் கொலம்பியா வழியாக நடந்தும் பஸ் ஏறியும் வந்துகொண்டிருந்த நேரம். எங்கள் சபையில் பாதிப் பேர் தினக்கூலிகள். ஆனாலும் கட்டி முடிக்காத ஆராதனைக் கூடத்திலேயே பாய் விரித்து இடம் கொடுத்தார்கள். போதகரின் மனைவி ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஒருவர் அரிசி, ஒருவர் வாழைத்தார், ஒருவர் முட்டை. நான் அங்கே மிஷனெரி என்று பேர் வாங்கிப் போனவள். அந்தப் பெண்கள் யாரும் எந்தப் பேரும் வாங்கவில்லை. அவர்களோடு சேர்ந்து அடுப்படியில் நிற்க இடம் கிடைத்ததற்காக இன்றைக்கும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.

மொழியைப் பற்றி. நமக்கு ஸ்பானிஷ் பயப்படுகிற அளவு கஷ்டமில்லை. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம், ரகரமும் றகரமும் நம் நாக்குக்குப் பழக்கம். கடற்கரைக்காரர்கள் சொல்லின் கடைசி எழுத்துகளை விழுங்குவார்கள், அதற்குக் காது பழகச் சில மாதம் ஆகும். வேதாகமத்தில் ஆரம்பியுங்கள். அங்கே சபைகளில் அதிகம் வாசிப்பது ரெய்னா-வலேரா, 1960-ல் திருத்திய பதிப்பு. அதன் மூலப் பதிப்பு காசியோதோரோ தெ ரெய்னா 1569-ல் பாசெல் நகரில் அச்சிட்டது. ஸ்பெயினில் செவில் பக்கத்து மடத்துத் துறவி அவர். மாற்றுக் கருத்துக்காரர்களைத் தண்டித்த கத்தோலிக்க விசாரணை மன்றத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடி, அகதியாக ஊர் ஊராக அலைந்து மொழிபெயர்த்தார். சிப்ரியானோ தெ வலேரா அதைத் திருத்தி 1602-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். நம் பழைய தமிழ் வேதாகமத் திருப்புதலைப் போலவே அதன் நடையும் தெருவில் பேசுகிற நடை அல்ல, ஆனால் மனப்பாடம் செய்ய அருமையாக இருக்கும். போவதற்கு முன்பே யோவான் சுவிசேஷத்தை அதில் குடும்பமாக வாசித்து முடித்துவிடுங்கள்.

பிள்ளைகள் நமக்கு முன்னால் மொழியைப் பிடித்துவிடுவார்கள். அப்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வேறொரு நாட்டுக் குடும்பத்தில் பன்னிரண்டு வயதுப் பையனை எல்லா இடத்துக்கும் மொழிபெயர்ப்பாளனாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருவரின் கடன், ஒருவரின் நோய், புருஷன் பெண்டாட்டிச் சண்டை எல்லாம் அந்தப் பிள்ளையின் வாய் வழியாகப் போய் வந்தது. சிறு பிள்ளை சுமக்கிற பாரம் அல்ல அது. எங்கள் மகள் கடையில், பஸ்ஸில் பேசித் தருவாள், அதோடு சரி. பெரியவர்கள் காரியத்தைத் தட்டுத்தடுமாறி நாங்களே பேசினோம். வீட்டுக்குள் தமிழ்தான். இரவு ஜெபத்தில் ஆளுக்கு ஒரு வசனம் தமிழ் வேதாகமத்தில் வாசிக்காமல் யாரும் படுக்கப் போகக் கூடாது என்று வைத்திருந்தோம். இல்லாவிட்டால் ஊரிலுள்ள ஆச்சியோடு போனில் பேச அவர்களுக்கு மொழி இருந்திருக்காது.

பள்ளிக்கூடம் பற்றி ஒரு நடைமுறைச் செய்தி. ஈக்வடாரில் இரண்டு கல்வியாண்டுகள் உண்டு. கிட்டோ, குவென்கா போன்ற மலைப்பகுதியில் செப்டம்பரில் தொடங்கும். கடற்கரைப் பகுதியில் ஏப்ரல், மே வாக்கில் தொடங்கி அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் முடியும். கடற்கரைக்குப் போகிறவர்கள் நம் ஊர் முழுப்பரீட்சை முடிந்த கையோடு போனால் பிள்ளைகளுக்கு ஆண்டு வீணாகாது. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று, திருமணச் சான்று எல்லாவற்றுக்கும் இங்கேயே அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும் என்று அரசு தரும் சான்று) முத்திரை வாங்கிவிடுங்கள். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பும் வேண்டும். நாங்கள் போனபோது ஈக்வடாரையும் சேர்த்துக் கவனித்தது கொலம்பியாவின் பொகொட்டாவிலுள்ள இந்தியத் தூதரகம், ஒரு தாள் விட்டுப்போனாலும் பெரிய அலைச்சல். சமய ஊழியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் தற்காலிக வசிப்பு விசாவில் தனி வகை இருக்கிறது. அதற்கு அங்கே பதிவு பெற்ற அமைப்பின் கடிதம் தேவை. கூப்பிட்டுப் போவதன் அருமை இங்கேயும் தெரியும்.

பணம். 2000-லிருந்து அங்கே அமெரிக்க டாலர்தான் நாணயம். அதனால் ரூபாயில் சேமித்துக்கொண்டு போகிறவர்களுக்கு நாளுக்கு நாள் கரையும். கணவர் சென்னையிலுள்ள அலுவலகம் ஒன்றுக்குக் கப்பல் உதிரிபாகக் கணக்கு வேலையை இணையத்தில் செய்தார். இங்கே காலை ஒன்பது மணி என்றால் அங்கே முந்தின இரவு பத்தரை. இரவு வேலை, காலையில் தூக்கம், மதியத்துக்கு மேல் சபை வேலை. பவுலடிகள் கூடாரம் கட்டிப் பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்தார் என்று படிக்கும்போது இதமாக இருக்கிறது, செய்யும்போது உடம்பு கேட்கும். அதனால் திங்கட்கிழமை யாரையும் பார்க்காமல் ஓய்வெடுக்க வேண்டும் என்று போதகரே எங்களுக்குக் கட்டளை போட்டார். 2018-ல் அந்நாட்டுக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 386 டாலர். அதை நம்பி வாழ்கிறவர்கள் நடுவில் நாம் குளிர்சாதன வீட்டிலிருந்து இறங்கி வந்து ஆராதனையில் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் மனம்விட்டுப் பேசவும் மாட்டார்கள். மின்விசிறியும் கொசுவலையும் போதும். கொசுவலை அவசியம், மழைக்காலத்தில் டெங்கு உண்டு.

2020-ல் கொரோனா வந்தது. மார்ச் கடைசியில் மதியம் இரண்டு மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை ஊரடங்கு. குவாயாகில் நகரில் பிணங்கள் எடுக்க ஆளில்லாமல் தெருவில் கிடந்த படங்களைப் பார்த்து பாளையங்கோட்டையிலிருந்து அம்மா அழுதுகொண்டே பேசினார்கள். விமானம் கிடையாது. கணவரின் வேலையும் சில மாதம் நின்றுபோனது. அப்போது எங்களைப் போஷித்தது அந்தச் சபைதான். காலையில் கதவைத் திறந்தால் வாழைக்காய், மரவள்ளி, சில நாள் ஒரு கோழி. யார் வைத்தார்கள் என்று சொல்லமாட்டார்கள். உதவி செய்யப் போன குடும்பத்துக்கு அவர்கள் சோறு போட்டார்கள். அதை வாங்கிக்கொள்ளும் மனது நமக்கு வேண்டும், அதுவும் ஊழியத்தில் சேர்த்திதான்.

பாதுகாப்பு பற்றி மறைக்காமல் சொல்கிறேன். நாங்கள் போன நாட்டுக்கும் இன்றைய ஈக்வடாருக்கும் வித்தியாசம் அதிகம். போதைப்பொருள் கும்பல்கள் துறைமுகங்களைப் பிடித்தன, சின்னக் கடைக்காரரிடமும் மாமூல் கேட்டார்கள். 2023 ஜூலையில் மாந்தா மேயரையே சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதம் கிட்டோவில் அதிபர் வேட்பாளர் பெர்னாண்டோ வில்லவிசென்சியோவை. 2024 ஜனவரியில் நாட்டுக்குள்ளே ஆயுத மோதல் நடக்கிறது என்று அதிபர் அறிவித்தார். நாங்கள் அதற்கு முன்பே, மகள் மேல்வகுப்புக்கு வந்த சமயத்தில் திரும்பிவிட்டோம். போகச் சொன்னதும் மூப்பர்கள்தான். "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள் சகோதரி, நாங்கள் இங்கே பார்த்துக்கொள்வோம்" என்றார்கள். இப்போதும் ஞாயிறு தவறாமல் அங்கே ஆராதனை நடக்கிறது. இருட்டிய பின் கூட்டம் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் எந்த நாட்டை நினைத்திருந்தாலும், மனைவி பிள்ளைகளைக் கூட்டிப் போவதற்கு முன் தனியாக ஒரு மாதம் போய் அந்தச் சபையோடு இருந்துவிட்டு வாருங்கள். ஈக்வடார் என்றால் இந்தியர்களுக்கு இப்போது சுற்றுலாவுக்கும் முன்கூட்டியே விசா வேண்டும், அதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போய்ப் பிரசங்கம் எதுவும் ஒத்துக்கொள்ளாதீர்கள். போதகரோடு வீடு சந்திக்கப் போங்கள், பெண்கள் சமைக்கிற இடத்தில் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் குடும்பம் வந்தால் என்ன வேலை தருவீர்கள் என்று மூப்பர்களிடம் நேராகக் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் மனது முழுதாகச் சம்மதிக்கிற வரைக்கும் டிக்கெட் போடாதீர்கள். பிள்ளைகள் படிப்புச் சான்றிதழ் பற்றி வேறு ஏதாவது கேட்க வேண்டுமானால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.