நோட்டில் கையெழுத்துப் போட்டவர்

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் அமெரிக்க 50 சென்ட் காகித நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் படமும் கையெழுத்துமாக இருப்பவர் ஸ்பின்னர் என்கிறார்கள். யார் இவர்? பெண்களுக்கு அரசு வேலை கொடுத்த முதல் ஆள் இவர்தானா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பிரான்சிஸ் ஸ்பின்னர். 1861 முதல் 1875 வரை அமெரிக்க அரசின் பொருளாளர், லிங்கன் நியமித்தவர். அந்தக் கையெழுத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிக்குக் கோலம் மாதிரி சுழித்துச் சுழித்து ஓடும். கள்ள நோட்டு அடிப்பவர்கள் திணற வேண்டும் என்றே பழகிக்கொண்ட கையெழுத்து அது. எனக்கு அலுக்கவே அலுக்காது.

இளவயதில் குதிரைச் சேணம் செய்யும் தொழில் கற்றவர். ஷெரீப்பாக இருந்தார். 1845-லிருந்து 1849 வரை நியூயார்க் துறைமுகத்தில் சுங்கக் கணக்குத் தணிக்கை. அன்று வருமான வரி கிடையாது; அரசின் வருமானத்தில் பெரும்பகுதி சுங்கத்தில் வந்தது, அதிலும் நியூயார்க்தான் முதலிடம். அப்புறம் நாடாளுமன்றம், பிறகு கருவூலம்.

உள்நாட்டுப் போரில் ஜனங்கள் நாணயங்களைப் பதுக்கிவிட்டார்கள். சில்லறை இல்லை. ஸ்பின்னர் தபால் தலைகளை வாங்கிக் கருவூலக் காகிதத்தில் ஒட்டிச் சில்லறையாகக் கொடுத்துப் பார்த்தார். 1862-ல் வந்த சென்ட் நோட்டுகளுக்கு அதுதான் வழிகாட்டி. உங்கள் நோட்டும் அந்த வழியில் வந்ததுதான். அப்போது உயிரோடு இருந்தவர் படம் நோட்டில் வந்ததை ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். ஸ்பென்சர் கிளார்க் என்ற அதிகாரியின் படமும் 5 சென்ட் நோட்டில் வந்துவிட, நாடாளுமன்றம் கொதித்துப்போய் 1866-ல் அதற்குத் தடை போட்டது.

சரி, பெண்கள் விஷயம். ‘முதல் ஆள்’ என்பது சரியில்லை. கிளாரா பார்ட்டன் 1850-களிலேயே காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். ஆனால் கதவை அகலத் திறந்தவர் ஸ்பின்னர்தான். நோட்டுகள் பெரிய தாள்களாக அச்சாகி வரும். அவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது இளைஞர்களின் வேலை. இவர்கள் போர்முனையில் இருக்க வேண்டியவர்கள், இந்த வேலையைப் பெண்களே செய்வார்கள் என்று நிதியமைச்சர் சேஸிடம் வாதாடினார். 1862-ல் பெண்கள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்கள். போக, கள்ள நோட்டைக் கண்டுபிடிப்பதிலும் எண்ணுவதிலும் கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்கினார்கள். போர் முடிந்ததும் அனுப்பிவிடவில்லை, அதுதான் பெரிய விஷயம்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. குறைந்த சம்பளத்துக்குக் கிடைப்பார்கள் என்பதும் அந்த வாதத்தில் இருந்தது. 1864-ல் பெண் எழுத்தருக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 600 டாலர். ஆண் எழுத்தர்கள் 1,200-லிருந்து தொடங்கினார்கள். பக்கத்து மேஜையில் அதே நோட்டை எண்ணியவளுக்குப் பாதிச் சம்பளம்! ஸ்பின்னர்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும் இது அநியாயம்தான்.

1875-ல், தன் பிரிவுக்கு ஆட்களை எடுப்பதில் தனக்கு அதிகாரம் இல்லை, கணக்குப் பொறுப்பு மட்டும் தன் தலையிலா என்று கேட்டு ராஜினாமா செய்தார். 1890-ல் புளோரிடாவில் காலமானார். நியூயார்க் மாநிலத்து ஹெர்கிமரில் சிலை இருக்கிறது. அரசு அலுவலகங்களுக்குள் பெண்களைக் கொண்டுவந்ததுதான் தன் வாழ்நாளில் அதிகத் திருப்தி தந்த காரியம் என்று அவர் சொன்னது பீடத்தில் பொறித்திருக்கிறது. அந்தச் சிலைக்குக் காசு சேர்த்தது கருவூலத்தில் வேலை பார்த்த பெண்கள்.